திரும்பி வந்த சீர்

ஈரோட்டிலிருந்து வந்த கார் புரோக்கர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்த உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். பிடித்த கை அங்கேயே ஒட்டிக்கொண்டது. பிடுங்கிப் பார்த்தால் நாலு விரலிலும் தார் பூசினது போலக் கறுப்பு, கறுப்பின் மேல் பஞ்சுப் பஞ்சாக வெள்ளை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஏசி பட்டனைத் தொட்டான். அந்தக் கையும் போயிற்று. கடைசியில் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, இரண்டு கையையும் பிச்சை கேட்கிறவன் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான்.

"என்னங்க இது, பலாப்பழத்துக்குள்ள கையை உட்டாப்பல இருக்குது?"

பொங்கியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. தறிக்குடோனை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகையில்தான் அந்த வெள்ளைக் கார் இத்தனை வருஷமாக நிற்கிறது. மேலே தகரத்தின் சூடு. பக்கத்தில் ராவும் பகலும் ஓடுகிற தறியின் பஞ்சுத் தூசி. வெக்கைக்குக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்ததால், இளகிப்போன டேஷ்போர்டின் மேலும் பட்டன்களின் மேலும் பஞ்சு வந்து உட்கார்ந்து, காருக்குள்ளே எலி ரோமம் முளைத்த மாதிரி ஆகிவிட்டது.

"இஞ்சின் நல்லாருக்குது, சீட்டு நல்லாருக்குது. தொடற எடம் பூராத்துக்கும் சீக்கு வந்திருச்சுங்க. இத எவங்கிட்டக் காட்டி நான் விக்கறது? உக்காந்தவன் சட்டையக் கழட்டி உட்டுப்போட்டுத்தான் எறங்கோணும்."

"ஏதோ ஒரு வெலைக்கு எடுத்துட்டுப் போயிருங்க. கலியாணத்துக்குள்ள இது இங்க நிக்கப்படாது."

குடோன் வாசலில் நூல்கண்டுகளை எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த லோகப்பிரியா அப்போதுதான் திரும்பினாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"ஆரக் கேட்டுங்கப்பா விக்கறீங்க?"

"லோகு, நீ உள்ள போ கண்ணு. நாயம் பேசிட்டு இருக்கறமில்ல."

"வண்டி எம்பேர்ல இருக்குதுங்க." அவள் புரோக்கரைப் பார்த்துச் சொன்னாள். "நான் விக்கலீங்க. மோட்டார் ரூம்ல சோப்பு இருக்குது, கையைக் கழுவிட்டுப் போங்க."

அவன் அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான். வெகுநேரம் தேய்த்தான். அந்தக் கறுப்பு சோப்புக்குப் போகவில்லை.

அந்தக் கார் லோகப்பிரியாவின் கலியாணத்துக்கு அப்பா கொடுத்த சீர். பாத்திரம், பீரோ, கட்டிலோடு மண்டபத்து வாசலில் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை மனோஜ்குமார் சாவியை வாங்கும்போது எடுத்த படம்தான் ஆல்பத்தின் முதல் பக்கம். அவளுக்குக் காலேஜ் படிக்கும்போதே லைசன்ஸ் உண்டு. ஆனால் கலியாணமான பிறகு அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்ததில்லை. அவன் இடதுபக்கம் உட்கார வைத்தே கூட்டிப்போனான். அது கூடப் பரவாயில்லை. எதையும் தொடவிட மாட்டான். உள்ளே எல்லாம் புதுசில் குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்று இருக்கும். ஒருநாள் அவள் ஆசையாக விரலை வைத்துப் பார்த்தபோது கையைத் தட்டிவிட்டான். "கை எண்ணெ பட்டா கறை புடிக்கும், தொடாத" என்றான். வெயில் மூஞ்சியில் அடித்தாலும் ஏசியை அவன்தான் திருப்ப வேண்டும். அவன் திருப்பும்போது திருப்புவான். ஆயுத பூஜைக்கு டேஷ்போர்டில் சந்தனம் குங்குமம் வைக்க மட்டும் அவளுக்கு அனுமதி உண்டு.

பல வருஷம் அப்படியே ஓடிற்று. ஒருநாள் ஈரோட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போகிற வழியில் அவளுக்கு மண்டை இடி. பாட்டுச் சத்தத்தைக் குறைக்கப் பட்டனைத் திருகினாள். அவன் ஓட்டிக்கொண்டே இடது கையை வீசி அறைந்தான். அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி குத்தி வளைந்துபோயிற்று. பெருந்துறையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, டாங்கை நிரப்பச் சொல்லி, காசும் கொடுத்துவிட்டு, அவன் ஒதுங்கப் போனான். சாவி வண்டியிலேயே இருந்தது. லோகப்பிரியா இறங்கினாள். முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, நிரம்பின டாங்கோடு வெள்ளகோவில் வந்து சேர்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. கோர்ட்டில் விவகாரம் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் ஊர்வாயில் அவள் இன்னமும் 'புருசன பங்க்குல உட்டுப்போட்டு வந்தவ'தான். அப்பா காரைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கவிடவில்லை. அவளும் வாரம் ஒருமுறை ஸ்டீயரிங்கில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு, ஸ்டார்ட் செய்து, கொட்டகைக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பாள். கட்டிப்போட்ட மாட்டைக் காலாற நடத்துவது போல.

இப்போது தம்பி அருள்குமாருக்குக் கலியாணம். முப்பது தாண்டியும் பெண் அமையாமல் இருந்தவனுக்கு ஒருவழியாக அமைந்தது. அமைந்த இடம்தான் சிக்கல். சம்பந்தி வீடு பெருந்துறை. பேச்சுவார்த்தை நடந்தபோது, "மக இங்கயே இருக்குதுங்களா?" என்று அவர்கள் கேட்க, அம்மா மயிலாத்தாள் பதறிப்போய், மருமகன் போர்வெல் லாரியோடு ஆப்பிரிக்கா போயிருப்பதாகச் சொல்லிவிட்டாள். சொன்ன வாய் அதோடு நிற்கவில்லை. தீபாவளிக்கு வருவார் என்றும் சொல்லிவிட்டது.

புரோக்கர் போன அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது மயிலாத்தாள் மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே தாலிக்கொடி, மினுமினுவென்று.

"கவரிங்தான் கண்ணு. ரெண்டு நாளைக்குப் போட்டுக்க. கலியாணம் முடிஞ்சதும் கழட்டிப்போடு. நீ இதைப் போட்டுக்கிட்டயின்னா இணைச்சீருக்கு நீயே உக்காரலாம். அருமைக்காரரும் ஒண்ணும் சொல்லமாட்டாரு. காரை மட்டும் அப்பா சொல்றாப்பல தள்ளிப்போடலாம். பெருந்துறையில அதைப் பார்த்தவங்க ஆராச்சு இருப்பாங்க."

இணைச்சீர் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. தாலி கட்டுவதற்கு முன்னால், கலியாணச் சடங்குகளை நடத்திவைக்கிற அருமைக்காரர், மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவளை உட்கார வைத்துச் செய்கிற சீர். நீ வேறொருத்தியைக் கட்டினாலும் இவளை விட்டுவிட மாட்டாய் என்று உறவுமுறை முன்னால் சொல்வதற்குச் சமம். அருளுக்கு அவள் ஒருத்திதான் கூடப்பிறந்தவள். அவனைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்து மிதித்தவள். தறி வாங்கப் பணம் புரளாதபோது தன் நகையைக் கழற்றிக் கொடுத்தவள். அந்த மணையில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை இல்லாமல் இருக்குமா?

அவள் டப்பாவை மூடி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"சீரு நாந்தானுங்கம்மா செய்வேன். கழுத்து இப்படியேதான் இருக்கும். அந்தக் கார்லதான் மண்டபத்துக்கு வருவேன்."

"ஊரு சிரிக்கும்" என்றார் பொங்கியண்ணன்.

"சிரிக்கட்டுமுங்க. இத்தனை நாளும் அழுதுட்டா இருந்தாங்க?"

"அப்ப பிரவீனா உக்காருவா" என்று அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். பிரவீனா அவருடைய அண்ணன் மகள், காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்டவள். "பெரியப்பன் மகளும் கூடப் பொறந்தவதான். சொல்லியுட்டாச்சு."

அருள்குமார் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் அப்படித்தான். தறி நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பான், மனுஷர் பேச்சு நின்றால் தலையைக் குனிந்துகொள்வான். லோகப்பிரியா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற சீர் என்ன சீர்?

மறுநாள் காலையில் அவள் காரில் கை வைத்தாள். முதலில் தப்பாகத்தான் செய்தாள். பிசின் என்றால் நம் பக்கத்தில் வேறென்ன தோன்றும்? பலாப்பழம் அறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிற வழக்கம் புத்தியில் ஊறிக் கிடக்கிறது. ஒரு சொம்பு எண்ணெயை எடுத்துவந்து கதவு, டேஷ்போர்டு, கியர்த் தலை என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தாள். நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்த ரங்கம்மாள் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க அம்மிணி, இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சே. காருக்கு எண்ணெ தேச்சுக் குளிக்க வாக்கறீங்களா? சீயக்காய் கரைச்சுட்டு வரட்டுங்களா?"

"கரைச்சுட்டு வா. மொதல்ல உந்தலையில தேச்சுட்டு அப்பறம் காருக்கு வாரேன்."

அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் வந்து பார்த்தால் எண்ணெயைக் குடித்துப் பிசின் உப்பிப்போய், களி மாதிரி வழிந்துகொண்டிருந்தது. ராத்திரி பூராவும் பறந்த பஞ்சு மொத்தமும் அதன்மேல் அப்பிக்கொண்டு, முன்னைக்கு இரண்டு மடங்கு ரோமம். கதவைச் சாத்திவிட்டுக் கொட்டகைத் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அப்பா தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தறிப் பக்கம் திரும்பிப் போனார். திட்டியிருந்தாலும் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போனாள். உக்கடத்தில் குளத்துக்கு இந்தப் பக்கம் பழைய கார்ச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன என்று தறி மெக்கானிக் சொல்லியிருந்தான். உள்சாமான் மொத்தத்தையும் கழற்றி வேறு மாட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. நாலைந்து கடையில் "ஊட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கடைசியில் கார்க் கதவுகளைப் புத்தகம் மாதிரி அடுக்கி வைத்திருந்த ஒரு கடைக்குள் நுழைந்தாள். சீட் கவருக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தரியை நிறுத்தாமலே நிமிர்ந்தாள். யுஸ்ரா என்று பலகையில் பேர் போட்டிருந்தது. அவள் கடைதான்.

லோகப்பிரியா வண்டி மாடலைச் சொன்னாள். யுஸ்ரா மூலையிலிருந்து ஒரு டேஷ்போர்டை இழுத்துக் காட்டினாள்.

"இருக்குது. தொட்டுப் பாருங்க."

தொட்டாள். ஒட்டியது.

யுஸ்ரா சிரித்துவிட்டாள். "அந்த வயசு வண்டிங்க எல்லாத்துக்கும் அதே சீக்குதாங்க. நான் காசை வாங்கிட்டு இதைக் குடுத்துருவேன், நீங்க அடுத்த சித்திரையில வந்து என்னையத் திட்டுவீங்க. தேங்காயெண்ணெய் போட்டீங்களா?"

"எப்படிங்க தெரியும்?"

"உங்க பக்கத்துல இருந்து வர்றவங்க பூரா போட்டுட்டுத்தான் வர்றாங்க. சென்னிமலைக்காரர் ஒருத்தர் நல்லெண்ணெய் போட்டு, மேல வெளக்கெண்ணெயும் போட்டுட்டு வந்தாரு. பஜ்ஜி சுடறதுதான் பாக்கி."

பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விவரம் சொன்னாள். மேலே இருப்பது ஒரு ரப்பர்ப் பூச்சு. கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கம்பெனியில் அடிப்பது. வெயிலிலும் வெக்கையிலும் அது இற்றுப்போய்ப் பிசினாகிவிடுகிறது. கெட்டது பூச்சு மட்டும்தான். அடியில் இருக்கிற பிளாஸ்டிக் கட்டி.

"வழிச்செடுத்துருங்க. ஸ்பிரிட்டு வாங்கிக்குங்க. தின்னரைத் தொடாதீங்க, பிளாஸ்டிக்கையே தின்னுரும். கதவெல்லாம் தெறந்து வெச்சுக்குங்க, தலை சுத்தும். பனியன் வேஸ்ட் எடுத்து நனைச்சு, ஊற வெச்சு, ஒரே பக்கமா இழுங்க. ஒருக்கா தொடைச்ச துணிய மறுக்காத் திருப்பாதீங்க, எடுத்த அழுக்கையே அப்பிருவீங்க."

"எடுத்த பொறவு மறுபடி பூசலாமுங்களா?"

"பூசலாம். ஆளு இருக்கான். கொஞ்ச வருசத்துல மறுபடி ஒட்டும். மொட்டையாவே உட்டுட்டா ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா அழகா இருக்காதுங்க. பட்டன்ல இருக்கற எழுத்து, படம் எல்லாம் பூச்சோட வந்துரும். எது எதுன்னு உங்க கைதான் ஞாபகம் வெச்சுக்கணும். ஏறுறவங்க எல்லாம் ஏன் இப்படி மொட்டையா இருக்குதுன்னு கேப்பாங்க."

"கேக்கறவங்க கேட்டுட்டுப் போறாங்க" என்றாள் லோகப்பிரியா.

யுஸ்ரா அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். "யாரு ஓட்டறது? ஊட்டுக்காரருங்களா?"

"ஊட்டுக்காரர் இல்லீங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. உங்க கை பழகுனா போதும்" என்று சொல்லிவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

கலியாண வேலை வீட்டில் ஒரு பக்கம் நடந்தது, கொட்டகையில் இந்த வேலை ஒரு பக்கம் நடந்தது. திருப்பூரிலிருந்து தறி துடைக்க வருகிற பனியன் வேஸ்ட் மூட்டையில் ஒன்றை அவள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெள்ளைத் துணி ஸ்பிரிட்டில் நனையும், கைப்பிடியில் ஒட்டி நிற்கும், இழுத்தால் கறுப்பாக வழிந்து வரும். முதல் நாள் முழுக்க ஒரு கதவுதான் முடிந்தது. இரண்டாம் நாள் தோள் இறங்கிப்போயிற்று. சந்துகளுக்கு விளக்குமாற்றுக் குச்சியில் துணி சுற்றிக்கொண்டாள். எத்தனையோ ஆயுத பூஜைக் குங்குமம் பிசினுக்குள் புதைந்து கிடந்தது. அது துணியில் செம்மண் நிறத்தில் வந்தது. பாட்டுப்பெட்டிப் பட்டனில் ஒரு கட்டைவிரல் ரேகை அச்சுப்போல் பதிந்திருந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே ஸ்பிரிட் ஊற்றித் துணியை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். எடுத்தபோது ரேகை இல்லை. அடியில் மங்கலான, கெட்டியான கறுப்பு இருந்தது. நகத்தால் தட்டினாள். டொக் என்றது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தரம் தட்டினாள்.

மத்தியானம் பொங்கியண்ணன் வந்து, குவிந்து கிடந்த கறுப்புத் துணிகளைச் செருப்புக் காலால் ஒதுக்கிவிட்டு நின்றார்.

"எத்தனை கடை ஏறி எறங்கி எடுத்த வண்டி தெரியுமா கண்ணு. உள்ள தொட்டுப் பார்த்துட்டுத்தான் இதுதான் வேணும்னு சொன்னேன். பட்டாட்டம் இருந்துது."

"இந்தப் பட்டன் எதையும் நான் தொட்டதே இல்லீங்கப்பா."

"என்னது?"

"தொட உட்டதே இல்லீங்க. எங்கை பட்டா கறை புடிச்சிருமாம்."

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. இளகிவிட்டார் என்றுதான் லோகப்பிரியா நினைத்தாள். ஆனால் பத்தடி போய்த் திரும்பி நின்று, "மண்டபத்துல மட்டும் மானத்த வாங்கிப்போடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

துடைக்கிற வேலையின் கடைசி நாள் பிரவீனா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வாய் சும்மா இருக்காத ஆள், பேச்சு இல்லாவிட்டால் நொறுக்குத் தீனி. வந்ததும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கார் கூரைமேல் வைத்தாள்.

"எங்கிட்ட ஆருக்கா கேட்டாங்க? எங்க மாமியா அதுக்குள்ள சேலை எடுத்துப்போட்டுது. கிளிப்பச்சை. நாங் கட்டுனா தென்னங்கன்னாட்டம் இருப்பேன்."

"நீ உக்காரு. உன்ன நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அப்ப நீ?"

"நான் வருவேன்."

"வந்து?"

"வந்து பாத்துக்கறேன்."

பிரவீனா முறுக்கைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். பிறகு ஒரு துணியை எடுத்து நனைத்துக்கொண்டு, இடதுபக்கக் கதவில் மிச்சமிருந்ததை இழுக்க ஆரம்பித்தாள். "ஏக்கா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, "அவன் அந்த பங்க்குல எத்தன நேரம் நின்னுருப்பான்?"

"ஆரு கண்டா."

"வந்து பாத்தா வண்டியக் காணோம். பெட்ரோல் போட்ட பையங்கிட்டக் கேட்டிருப்பான்ல. 'ஏப்பா, இங்க ஒரு காரும் பொண்டாட்டியும் நின்னுதே?'"

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நாளை நினைத்து இதுவரை ஒரு தடவையும் சிரித்ததில்லை. இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். குடோனுக்குள்ளிருந்து ரங்கம்மாள் எட்டிப் பார்த்து, ஸ்பிரிட் தலைக்கேறிவிட்டது போலிருக்கிறது என்றாள்.

கலியாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டார் எல்லாரும் வேனில் போய்விட்டார்கள். லோகப்பிரியா தலை குளித்து, அரக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, வெறும் கழுத்தில் ஒரு மெல்லிசுச் சங்கிலி மட்டும் போட்டுக்கொண்டு, காரை வெளியே எடுத்தாள். ஸ்டீயரிங்கில் துண்டு இல்லை. கையில் ஒன்றும் ஒட்டவில்லை. கரூர் ரோட்டில் காற்று சிலுசிலுவென்று வந்தது. மண்டபத்து வளைவு தெரிந்ததும், வேர்வை அடங்கட்டும் என்று ஏசிக்காக ஒரு மொட்டைப் பட்டனை அழுத்தினாள். ஏசி வரவில்லை. நாலு மூலை விளக்கும் டிக் டிக்கென்று அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. பக்கத்துப் பட்டனை அழுத்தினால் பின்கண்ணாடி வைப்பர் ஆடியது. வாழைமரம் கட்டிய வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அணைக்கத் தேடிக்கொண்டிருந்தால் இன்னும் கேவலம். எரியட்டும் என்று விட்டுவிட்டாள். வால் ஆட்டிக்கொண்டு, கண்சிமிட்டிக்கொண்டு அந்த வெள்ளைக் கார் நேராக வந்து, மாப்பிள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நின்றது.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மயிலாத்தாளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அவளுக்குப் பக்கத்தில் பெண்ணின் அத்தை நாச்சியம்மாள் நின்றாள். பருமனான, கண் கூர்மையான பொம்பளை. காரைப் பார்த்தாள், நம்பரைப் பார்த்தாள், இறங்கி வந்தவளைப் பார்த்தாள்.

"நீதான் மாப்பிள்ளைக்கு அக்காளுங்களா அம்மிணி? ஊட்டுக்காரரு ஆப்பிரிக்காவுல இருந்து வரலீங்களா?"

மயிலாத்தாள் குறுக்கே விழுந்தாள். "லீவு குடுக்கலீங்…"

"அவரு ஆப்பிரிக்காவெல்லாம் போகலீங்க" என்றாள் லோகப்பிரியா. "நாங்க பிரிஞ்சு நாலு வருசமாச்சுங்க. அம்மா பயந்துக்கிட்டு சொல்லிப்போட்டாங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

நாச்சியம்மாள் வாய்மேல் கையை வைத்தாள். "அட, அந்த பங்க்குல உட்டுப்போட்டு வந்தது நீதானா? பங்க்குக்கு எதுத்தாப்பலதானே எங்க ஊடு! அன்னைக்கு அந்த மனுசன் எங்க திண்ணையிலதான் வந்து உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சான்."

நாச்சியம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். லோகப்பிரியா சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டு உள்ளே நுழைவதற்குள், சேதி அவளுக்கு முன்னால் நாற்காலி வரிசைகளுக்குள் போய்விட்டது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. மேடைக்குப் போகிற வழி அத்தனை நீளமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

மேடையில் இணைச்சீர் ஆரம்பமாகியிருந்தது. மணையில் அருள்குமார் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கிளிப்பச்சைச் சேலையில் பிரவீனா. அருமைக்காரர் மணப்பெண்ணுக்கான கூரைச்சேலையைக் கொசுவமாக மடித்து, ஒரு தலைப்பை அருளின் கக்கத்தில் வைத்து, மறு தலைப்பைப் பிரவீனாவின் கையில் கொடுத்திருந்தார். லோகப்பிரியா படியேறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மணைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, இவனுக்குக் கூடப் பொறந்தவ நானுங்க. இந்தச் சீரு நாஞ் செய்யோணும்."

அருமைக்காரர் வயசாளி. கடுகடுப்பான ஆள் இல்லை. அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு வெட்கப்பட்டவர் போலத் தாழ்ந்த குரலில் பேசினார். "வாழற பொண்ணு கையிலதான் அம்மிணி குடுக்கறது வழமை."

"நானும் வாழ்ந்துட்டுத்தானுங்க இருக்கறேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. நாதஸ்வரம் நின்றுபோயிருந்ததால் பின்வரிசை வரைக்கும் கேட்டது. "கட்டுனவன்கிட்ட இருந்துதானுங்க கோர்ட்டுல விடுதலை குடுத்தாங்க. கூடப் பொறந்தவங்கிட்ட இருந்து ஆரும் என்னைய விடுதலை பண்ணலீங்க."

"லோகு, எறங்கு கீழ!" கீழேயிருந்து அப்பாவின் குரல். அவள் திரும்பவில்லை.

பெண் வீட்டு வரிசையில் யாரோ எழுந்து நின்றார்கள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. வீடியோக்காரன் விளக்கை இவர்கள் பக்கம் திருப்பினான். அந்த வெளிச்சத்தில் பிரவீனா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். பிறகு, கால் மரத்துப்போனவள் மாதிரி முனகிக்கொண்டே, மணையிலிருந்து எழுந்தாள். கையிலிருந்த தலைப்பைப் பாயின்மேல் வைத்தாள். தட்டிலிருந்து அள்ளிய மஞ்சள் அரிசி அருமைக்காரர் கைக்குள் அப்படியே இருந்தது.

அருள்குமார் தலை குனிந்துதான் இருந்தான். ஆனால் கக்கத்தில் இருந்த சேலைத் தலைப்பை, பிடுங்கினால் கிழியும் என்கிற அளவுக்குக் கையோடு இறுக்கி வைத்திருந்தான். மேடை ஓரத்து மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பியபோது, பாயில் கிடந்த மறு தலைப்பு லேசாகத் தூக்கிக்கொண்டு, ஆள் இல்லாத மணையின்மேல் ஏறி, வழுக்கி, விளிம்பைத் தாண்டி விழப்போயிற்று. லோகப்பிரியா குனிந்தாள்.